மிக்கைல் வரோனின்

மிக்கைல் ஸ்டெபானோவிச் வரோனின் (ஆகஸ்ட் 2, 1838 - மார்ச் 1903) ரஷ்யாவைச் சேர்ந்த தாவரவியலாளரும் பூஞ்சையியலாளரும் ஆவார். இவருடைய பெயர் வொரோனின் எனவும் எழுதப்படுவதுண்டு. தாவரங்களின் இலைகளிலும் வேர்களிலும் தோன்றும் கழலைகளுக்கு நுண்ணிய ஒட்டுண்ணிகளே காரணம் என்பதை நிறுவிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இலைக்கழலைகளை உண்டாக்கும் எக்சோபேசிடியம் என்ற பூஞ்சைப் பேரினத்தை 1867 ஆம் ஆண்டில் இவர் நிறுவினார். முட்டைக்கோசுப் பயிரை அழித்துவந்த வேர்க்கழலை நோயின் காரணியைக் கண்டறிந்ததும் இவரே.

தேயிலைத் தோட்டங்களில் பெரும் இழப்பை உண்டாக்கும் கொப்புள நோயின் பூஞ்சையும் இவர் நிறுவிய எக்சோபேசிடியம் பேரினத்தைச் சேர்ந்ததாகும்.

இளமையும் கல்வியும்

வரோனின் ரஷ்யப் பேரரசின் அன்றைய தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செல்வம் மிகுந்த குடும்பத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்றார். 1854 ஆம் ஆண்டில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1858 ஆம் ஆண்டில் படிப்பை முடித்தார். அங்கு லெவ் சென்கோவ்ஸ்கி இவருக்கு ஆசிரியராக இருந்தார். பாசிகள், கோழைப்பூஞ்சைகள் போன்ற எளிய உயிர்களை உருப்பெருக்கியின் கீழ் வளர்த்து, அவற்றின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனிப்பதில் சென்கோவ்ஸ்கி தேர்ந்தவர். பிற்காலத்தில் வரோனின் கையாண்ட ஆய்வுமுறைக்கு இங்கேயே அடித்தளம் இடப்பட்டது எனலாம்.

பட்டம் பெற்றபின் வரோனின் செருமனிக்குச் சென்றார். பிரைபர்க் நகரில் அன்டன் டெ பாரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். டெ பாரி இவரைவிட ஏழு வயது மட்டுமே மூத்தவர். பின்னர் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள ஆன்டிப் நகரில் குஸ்தாவ் தியூரேயிடம் கடற்பாசிகளைப் பற்றிக் கற்றார். அங்கு அசிட்டாபுலாரியா என்ற குடை வடிவப் பாசியை ஆராய்ந்து எழுதினார். நாடு திரும்பியபின்னும் டெ பாரியுடனான தொடர்பு நீடித்தது. பூஞ்சைகளின் உருவ அமைப்பையும் உடலியங்கியலையும் பற்றி இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகள் 1864 முதல் 1882 வரை வந்தன.

அன்றைய நோயியல் கருத்துகள்

வரோனினின் பணியின் சிறப்பை உணர, அவர் காலத்தில் தாவர நோய்களைப் பற்றி நிலவிய கருத்தை அறிவது தேவையாகும். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோயுற்ற இலையில் காணப்படும் பூஞ்சை அந்நோயின் விளைவு என்றே பல அறிஞர்கள் கருதினர். தாவரத்தின் சாறு கெட்டுப்போவதால் அதன் உடலிலிருந்தே பூஞ்சை உருவாகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆஸ்திரிய அறிஞர் பிரான்சு உங்கர் 1833 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், துரு நோய்களை மனிதர்களின் தோலில் தோன்றும் கொப்புளங்களுக்கு ஒப்பிட்டு விளக்கினார்.

இக்கருத்து உழவர்களைப் பெரிதும் பாதித்தது. நோய் தாவரத்தின் உள்ளிருந்தே தோன்றுமானால் அதைத் தடுக்க வழியில்லை. மண்ணையும் வானிலையையும் குறைகூறுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. 1845 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குப் பயிர் கருகி அயர்லாந்தில் கொடும் பஞ்சம் ஏற்பட்டபோது இந்நிலை வெளிப்பட்டது. பூஞ்சையே நோயை உண்டாக்குகிறது என்பதை டெ பாரி 1850களிலும் 1860களிலும் ஆய்வுகள் மூலம் நிறுவினார். பூஞ்சையின் வித்துகளை நலமான தாவரத்தின் மீது இட்டு, அவை முளைத்து உள்ளே நுழைவதையும், நோய் தோன்றுவதையும், மீண்டும் அதே வித்துகள் உருவாவதையும் இடைவெளியின்றிக் கவனிப்பதே அவருடைய முறை. இம்முறையைக் கழலைகளை ஆராய்வதற்குப் பயன்படுத்தியவர் வரோனின்.

இலைக்கழலை ஆய்வுகள்

கழலை என்பது தாவரத்தின் ஓர் உறுப்பில் திசுக்கள் இயல்புக்கு மாறாகப் பெருத்து உண்டாகும் வீக்கமாகும். பூச்சிகள், புழுக்கள், பாக்டீரியாக்கள், பூஞ்சைகள் ஆகியன கழலைகளை உண்டாக்கும். பூச்சியால் வரும் கழலையை அறுத்தால் பெரும்பாலும் உள்ளே புழுவைக் காணலாம். பூஞ்சையால் வரும் கழலையை அறுத்தால் வெறுங்கண்ணுக்குத் தாவரத் திசுவைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனவே இத்தகைய கழலைகளைத் தாவரத்தின் சொந்தக் கோளாறு என்று எண்ணுவது எளிதாக இருந்தது.

வரோனினும் டெ பாரியும் முதலில் சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் டான்டெலியன் செடியின் இலைகளில் தோன்றும் சிறிய செம்மஞ்சள் பருக்களை ஆராய்ந்தனர். ஒவ்வொரு பருவிலும் இலையின் மேற்றோல் உயிரணு ஒன்று மிகப் பெரிதாக வீங்கியிருந்தது. அவ்வுயிரணுவின் உள்ளே இழைகளே இல்லாத, ஒற்றை உயிரணுவால் ஆன ஒட்டுண்ணி ஒன்று இருந்தது. அது முதிர்ந்தபின் நீரில் நீந்தக்கூடிய மிகச்சிறு வித்துகளை வெளியிட்டது. இலையின் மேல் உள்ள நீர்ப்படலத்தில் நீந்தும் இவ்வித்துகள் மற்றோர் உயிரணுவைத் துளைத்துப் புகுகின்றன. 1863 ஆம் ஆண்டில் இவ்விருவரும் இதற்குச் சின்கைட்ரியம் என்று பெயரிட்டனர். உருளைக்கிழங்கில் பெரும் கழலைகளை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பது பின்னாளில் தெரியவந்தது.

இதன்பின் வரோனின் லிங்கன்பெரி செடியை ஆராய்ந்தார். இது வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் தரையோடு வளரும் குறுஞ்செடி. சிவந்த புளிப்புப் பழங்களைத் தரும். இதன் இலைகள் இயல்பில் தடித்தும் பளபளப்பாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். சில செடிகளில் இலைகள் மேற்புறம் குழிந்தும் கீழ்ப்புறம் புடைத்தும், இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு நிறத்தில் சதைப்பற்றுடன் காணப்படும். சில நாட்களில் வீக்கத்தின் மீது வெண்மையான மாவு பூசியதுபோன்ற படலம் தோன்றும்.

வரோனின் இத்தகைய இலைகளை மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். நலமான இலையில் மேற்பகுதி உயிரணுக்கள் நெடிதாக வரிசையாக நிற்கும். கீழ்ப்பகுதி உயிரணுக்கள் இடைவெளிகளுடன் தளர்வாக அமைந்திருக்கும். கழலையில் இவ்வேறுபாடு மறைந்து, எல்லா உயிரணுக்களும் ஒரே மாதிரியாகப் பெருத்திருந்தன. பச்சையம் குறைந்து சிவப்பு நிறமி மிகுந்திருந்தது. உயிரணுக்களுக்கு இடையே மெல்லிய பூஞ்சையிழைகள் படர்ந்திருந்தன. இவ்விழைகள் மேற்றோலை அடைந்து, அதன் உயிரணுக்களுக்கு இடையே புகுந்து வெளிவந்து, நுனியில் வித்துகளைத் தாங்கும் தடித்த உறுப்புகளாக முடிந்தன.

இவ்வுறுப்புகள் பசிடியம் எனப்படும். குடைக்காளான்களின் வித்துகளும் பசிடியங்களின் மீதே உருவாகின்றன. ஆனால் குடைக்காளானில் பசிடியங்கள் குடையின் அடியில் உள்ள மடிப்புகளில் பாதுகாப்பாக அமைந்திருக்கும். லிங்கன்பெரிப் பூஞ்சைக்குக் குடையோ வேறு எவ்வகைக் கனியுடலோ இல்லை. பசிடியங்கள் இலையின் மேற்பரப்பில் நேரடியாக வெளிப்படுகின்றன. வெளியில் அமைந்த பசிடியத்தை உடையது என்ற பொருளில் வரோனின் இதற்கு எக்சோபேசிடியம் என்று பெயரிட்டார். வெண்மையான மாவு போலத் தோன்றியது இப்பசிடியங்களும் வித்துகளும் சேர்ந்த படலமே. செருமானிய அறிஞர் லியோபோல்ட் ஃபுக்கல் 1861 ஆம் ஆண்டில் இப்பூஞ்சைக்கு வேறொரு பேரினத்தில் பெயரிட்டிருந்தார். வரோனின் அதை மாற்றியமைத்ததால் எக்சோபேசிடியம் வாக்சினி என்பது இதன் பெயராயிற்று.

வரோனின் பெயரிட்டதோடு நிற்கவில்லை. வித்துகளை நலமான இளந்தளிர்களின் மீது இட்டு, அவை முளைத்துத் தளிரினுள் புகுவதையும் அங்கே கழலை தோன்றுவதையும் கவனித்தார். இதனால் வீக்கம் செடியின் கோளாறு அல்ல என்பதும், வெளியிலிருந்து வந்த மற்றோர் உயிரின் செயலே என்பதும் உறுதியாயின. அசேலியா, காமெலியா, ரோடோடென்ட்ரான் போன்ற செடிகளின் இலைக்கழலைகளும் எக்சோபேசிடியம் இனங்களால் உண்டாகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது.

வேர்முடிச்சுகள்

எல்லா வீக்கங்களும் நோயல்ல என்பதற்கான முதல் தடயத்தைக் கண்டவர்களுள்ளும் வரோனின் ஒருவர். 1866 ஆம் ஆண்டில் இவர் ஆல்டர் மரத்தின் வேரிலும் லூபின் எனப்படும் அவரைக் குடும்பச் செடியின் வேரிலும் உள்ள முடிச்சுகளைப் பற்றி எழுதினார். லூபின் முடிச்சின் உயிரணுக்களில் பாக்டீரியாவைப் போன்ற நுண்ணிய துகள்கள் நிறைந்திருப்பதை அதில் விளக்கினார். அவை அங்கு என்ன செய்கின்றன என்பது அப்போது தெரியவில்லை. அவரைக் குடும்பச் செடிகள் முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயன்படுத்துகின்றன என்பதை ஹெர்மன் ஹெல்ரீகல் 1886 ஆம் ஆண்டில் அறிவித்தார். 1888 ஆம் ஆண்டில் மார்ட்டினஸ் பைஜரிங்க் அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார்.

ஆல்டர் முடிச்சில் இருப்பது ஒரு பூஞ்சை என்று வரோனின் கருதினார். அதுவும் நைட்ரசனை நிலைநிறுத்தும் பிராங்கியா என்ற பாக்டீரியாவே என்பது இன்று அறியப்பட்டுள்ளது.

சூரியகாந்தித் துரு

வட அமெரிக்காவிலிருந்து வந்த சூரியகாந்தி, 19 ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் முக்கிய எண்ணெய்ப் பயிராக வளர்ந்தது. 1860களில் துரு நோய் இப்பயிரைத் தாக்கியது. வரோனின் இதன் பூஞ்சையை ஆராய்ந்து 1870களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். கோதுமைத் துருப் பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை வேறொரு செடியில் கழிக்கிறது என்று டெ பாரி சில ஆண்டுகளுக்கு முன்புதான் நிறுவியிருந்தார். சூரியகாந்தித் துருவோ தன் எல்லா நிலைகளையும் சூரியகாந்தியிலேயே முடிக்கிறது என்று வரோனின் காட்டினார். இவ்வேறுபாடு நடைமுறையில் இன்றியமையாதது. கோதுமைத் துருவுக்கு அயலில் உள்ள இடைவிருந்தோம்பிச் செடியையும் அழிக்கவேண்டும். சூரியகாந்தித் துருவுக்கு வயலில் எஞ்சிய சூரியகாந்திச் சருகுகளை அழிப்பதே முதன்மையானது.

முட்டைக்கோசின் வேர்க்கழலை

வரோனினின் புகழ்பெற்ற ஆய்வு முட்டைக்கோசைப் பற்றியதாகும். முட்டைக்கோசு ரஷ்ய மக்களின் அன்றாட உணவு. அதைக் கொண்டு செய்யும் சூப்பும், உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசும் நீண்ட குளிர்காலத்தில் ஏழைகளின் முதன்மையான காய்கறியாக இருந்தன. 1870களில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முட்டைக்கோசு விளைச்சல் பெருமளவு அழிந்தது. வேர்கள் விரல்களைப் போலவும் கட்டிகளைப் போலவும் வீங்கி, பின்னர் அழுகின. செடிகள் வாடி, முட்டைக்கோசு உருண்டு திரளாமலே போயிற்று. தோட்டக்காரர்கள் இதைக் குடலிறக்கத்தைக் குறிக்கும் கிலா என்ற ரஷ்யச் சொல்லால் அழைத்தனர். இந்நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ரஷ்யத் தோட்டக்கலைக் கழகம் பரிசு அறிவித்தது. பூச்சிகள், மண், எரு எனப் பலவும் காரணமாகக் கூறப்பட்டன.

வரோனின் ஆண்டுக்கணக்கில் இந்நோயை ஆராய்ந்தார். வீங்கிய வேர்களின் உயிரணுக்களில் நிறமற்ற, வடிவமற்ற, மெல்ல அசையும் கூழ் போன்ற பொருளைக் கண்டார். இதைச் சிதைந்துபோன உயிரணுச் சாறு என்று எளிதில் தவறாகக் கருத இயலும். ஆனால் வரோனின் கோழைப்பூஞ்சைகளை நன்கு அறிந்தவர். ஆந்திரே பாமின்ட்சினுடன் சேர்ந்து 1873 ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டிருந்தார். கோழைப்பூஞ்சைகள் தம் வாழ்க்கையின் ஒரு நிலையில் பிளாஸ்மோடியம் எனப்படும் இத்தகைய கூழ்வடிவில் இருக்கின்றன. வேரில் உள்ள கூழும் ஓர் உயிரே என்று இவர் அடையாளம் கண்டது இவ்வறிவாலேயே. அக்கூழ் எண்ணற்ற உருண்டை வித்துகளாகப் பிரிவதையும், வேர் அழுகும்போது அவை மண்ணில் கலப்பதையும், நீரில் முளைத்து நகரும் நுண்ணுயிர்களை வெளிவிடுவதையும் இவர் கண்டார். அவ்வித்துகளைக் கலந்த மண்ணிலும் நீரிலும் நாற்றுகளை வளர்த்து நோயை உண்டாக்கியும் காட்டினார்.

இவ்வொட்டுண்ணிக்குப் பிளாஸ்மோடியோபோரா பிராசிக்கே என்று பெயரிட்டு, 1878 ஆம் ஆண்டில் விரிவான கட்டுரையை வெளியிட்டார். அதில் தோட்டக்காரர்களுக்கான வழிகளையும் கூறினார். அறுவடைக்குப்பின் முட்டைக்கோசின் அடிக்கட்டைகளை வயலில் விடாமல் எரிக்கவேண்டும். நடும்போது நாற்றுகளின் வேர்களைப் பார்த்து வீக்கமுள்ளவற்றை நீக்கவேண்டும். ஒரே நிலத்தில் தொடர்ந்து முட்டைக்கோசு பயிரிடாமல் பயிர்ச்சுழற்சி செய்யவேண்டும் என்பன அவை. மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் தங்கும் இவ்வித்துகளை முற்றிலும் அழிக்கும் எளிய வழி இன்றும் இல்லை. எனவே பயிர்ச்சுழற்சி, தூய்மையான நாற்று, சுண்ணாம்பிடல் ஆகியன இந்நோய்க்கு எதிராக இன்றும் பின்பற்றப்படுகின்றன. இக்கட்டுரை 1934 ஆம் ஆண்டில் தாவர நோயியல் செவ்வியல் படைப்புகளின் வரிசையில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பிளாஸ்மோடியோபோரா இன்று பூஞ்சையாகவோ கோழைப்பூஞ்சையாகவோ கருதப்படுவதில்லை. ரைசேரியா என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது.

பிற்கால ஆய்வுகள்

லிங்கன்பெரியையும் அதன் உறவினச் செடிகளையும் வரோனின் மீண்டும் ஆராய்ந்தார். இவற்றின் பழங்கள் முதிராமல் உலர்ந்து கெட்டியாகும் நோயைப் பற்றி 1888 ஆம் ஆண்டில் எழுதினார். இப்பூஞ்சை இளந்தண்டுகளில் வாதுமை மணமுள்ள வித்துகளை உண்டாக்குகிறது. மணத்தால் ஈர்க்கப்படும் பூச்சிகள் அவற்றை மகரந்தத்தைப் போலவே பூவின் சூல்முடிக்குக் கொண்டுசெல்கின்றன. வித்து அங்கு முளைத்துச் சூலகத்தினுள் புகுந்து பழத்தை அழிக்கிறது. 1890களில் செர்கேய் நவாசினுடன் சேர்ந்து, இவ்வகைப் பூஞ்சைகளுள் ஒன்று இரு வேறு செடிகளில் மாறிமாறி வாழ்வதை விளக்கினார். நவாசின் பூக்கும் தாவரங்களின் இரட்டைக் கருவுறுதலை 1898 ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஆவார்.

ரஷ்யாவின் தொலைகிழக்கில் உள்ள தெற்கு உசூரிப் பகுதியில், குறிப்பிட்ட தானியத்தால் செய்த ரொட்டியை உண்டவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி ஆகியன ஏற்பட்டன. மது அருந்தியதுபோன்ற நிலை உண்டானதால் இது போதை ரொட்டி எனப்பட்டது. வரோனின் அத்தானியங்களை ஆராய்ந்து, 1891 ஆம் ஆண்டில் அவற்றிலிருந்த பூஞ்சைகளை விவரித்தார். அவற்றுள் பியூசேரியம் வகையும் ஒன்று. பியூசேரியம் பூஞ்சைகள் தானியத்தில் நச்சுப் பொருட்களை உண்டாக்குகின்றன என்பது 20 ஆம் நூற்றாண்டில் வேதியியல் முறையில் உறுதிப்படுத்தப்பட்டது.

பணியும் சிறப்புகளும்

குடும்பச் செல்வம் இருந்ததால் வரோனினுக்கு ஊதியத்திற்காகப் பதவி வகிக்கும் தேவை இருக்கவில்லை. தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் தனிப்பட்ட ஆய்வாளராகவே பணிபுரிந்தார். 1869-70 ஆண்டுகளில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியல் விரிவுரைகளை ஆற்றினார். 1870களில் பெண்களுக்கான மருத்துவப் படிப்பிலும் கற்பித்தார். ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் மாணவராகச் சேர இயலாத காலம் அது. 1874 ஆம் ஆண்டில் ஒடெசாவில் இருந்த நோவொரொசீஸ்க் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1884 ஆம் ஆண்டில் ரஷ்ய அறிவியல் கழகத்தின் தொடர்பு உறுப்பினராகவும், 1898 ஆம் ஆண்டில் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவும் நினைவும்

வரோனின் 1903 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார்.

இவர் 1860களில் அஸ்கோபோலஸ் என்ற பூஞ்சையின் இழைகளில் சிறு துகள்களைக் கண்டு குறித்திருந்தார். 1933 ஆம் ஆண்டில் ஆர்தர் புல்லர் அவற்றுக்கு வரோனின் துகள்கள் என்று பெயரிட்டார். பூஞ்சையிழையில் காயம் ஏற்பட்டால், இத்துகள்கள் உயிரணுக்களுக்கு இடையே உள்ள துளையை அடைத்து, உயிரணுச் சாறு வெளியேறாமல் தடுக்கின்றன. வரோனினா என்ற ஒட்டுண்ணிப் பேரினமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தேயிலையும் எக்சோபேசிடியமும்

அசாமில் தேயிலைச் செடிகளின் தளிர்களில் கொப்புளங்களை உண்டாக்கிய பூஞ்சையை, ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் ஜார்ஜ் மாசி 1898 ஆம் ஆண்டில் எக்சோபேசிடியம் வெக்சான்ஸ் என்று பெயரிட்டு வரோனினின் பேரினத்தில் சேர்த்தார். நெடுங்காலம் வடகிழக்கு இந்தியாவில் இருந்த இந்நோய், 1946 ஆம் ஆண்டில் தென்னிந்திய மலைத் தோட்டங்களிலும் இலங்கையின் மலையகத்திலும் தோன்றி விரைவாகப் பரவியது. லிங்கன்பெரியில் வரோனின் கண்ட அமைப்பே இங்கும் காணப்படுகிறது. இலையின் ஒருபுறம் குழிந்து மறுபுறம் புடைக்கிறது. புடைத்த பக்கத்தில் பசிடியங்கள் வெண்படலமாக வெளிப்படுகின்றன. வித்துகள் இளந்தளிர்களை மட்டுமே தாக்குகின்றன. தேயிலைக்காகப் பறிக்கப்படுவதும் அதே இளந்தளிர் என்பதால் இழப்பு நேரடியாக விளைச்சலில் தெரிகிறது. பனிமூட்டமும் தொடர்மழையும் உள்ள மாதங்களில் நோய் மிகும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளைத் தெளிப்பதும், நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெயில் படச் செய்வதும் இதைக் கட்டுப்படுத்தும் வழிகளாகும். பூஞ்சை எந்தத் தளிரில், எந்த ஈரத்தில், எவ்வழியாகப் புகுகிறது என்று அறிந்தே இவ்வழிகள் வகுக்கப்பட்டன. லிங்கன்பெரி இலையில் வரோனின் தொடங்கிய ஆய்வுமுறையின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம்.